துளசிக்கு ஏற்றிய அகல்

9, வெள்ளி
காலையிலிருந்தே புழுக்கம். சண்டைக் காலமாம், ஏழு மணிக்குப் பூனா முழுக்க விளக்கணைப்பு ஒத்திகை. சுவிட்ச் எல்லாம் அணைத்தாயிற்று. வெள்ளிக்கிழமையாயிற்றே, பால்கனியில் துளசிக்கு வழக்கம்போல அகல். அது விளக்குக் கணக்கிலேயே வரவில்லை எனக்கு. மாவு தீர்ந்துவிட்டது, ஊறப்போட வேண்டும்.

10, சனி
எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ. இருட்டுக் கட்டிடம், ஒரே ஒரு வெளிச்சம். 'நம் பில்டிங்கிலிருந்தே எதிரிக்கு சிக்னல். மூணாவது மாடி, அந்தக் குடும்பம்தான்.' அந்தக் குடும்பம் என்றால் பக்கத்து வீட்டு நஸ்ரீன். எங்கள் இரண்டு பால்கனியும் ஒட்டினாற்போல இருக்கும். கடவுளே, அது என் அகல்!

இவரிடம் சொன்னேன். "சும்மா இரு. வாயத் தொறந்தா நம்மளயும் சேத்துப் போடுவாங்க." ராணுவ ஆபீஸில் ரிடையர் ஆனவர். நன்றாயிருக்கிறது தைரியம்.

கொத்தமல்லி, துவரம்பருப்பு, கேஸ் புக்கிங்.

11, ஞாயிறு
லிஃப்டில் நஸ்ரீன். கண் வீங்கியிருந்தது. உடனே காலி பண்ணச் சொல்லி வீட்டு ஓனர் போனாம். "தீதீ, அன்னிக்கு இருட்டுல குழந்த பயந்து அழுதா. அப்பக்கூட நாங்க லைட் போடல," என்றாள் ஹிந்தியில். தீதீ என்றால் அக்கா, என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

மனசு கேட்கவில்லை. இவருக்குத் தெரியாமல் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ், என் ஓட்டை ஹிந்தியில்: அது நான் துளசிக்கு ஏற்றியது. பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். 'ஆன்ட்டிக்கு இளகின மனசு, அவங்களக் காப்பாத்தப் பாக்கறாங்க.' செக்ரட்டரி என் மெசேஜையே அழித்துவிட்டார். என் விளக்கை என்னுடையது என்று சொன்னால் நம்ப ஆளில்லை. பாவிகள்.

14, புதன்
தூறல். வாசலில் டெம்போ, நனைந்த மெத்தை. எப்போதோ நான் பலகாரம் போட்டுக் கொடுத்த டப்பாவை நஸ்ரீன் கழுவித் திருப்பித் தந்தாள். வெறுமனே தரக்கூடாதென்று உள்ளே ஒரு பிடி சர்க்கரை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போய்விட்டார்கள்.

செக்ரட்டரி சம்சாரம் படியில் நின்று, "இப்பத்தான் நிம்மதி," என்றாள்.

16, வெள்ளி
கோயம்புத்தூரிலிருந்து தங்கச்சி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். அதே போட்டோ. சிவப்பு வட்டம் போட்டு, தமிழில்: 'இவர்களை அடையாளம் கண்டு விரட்டுங்கள்.' கூடவே அவள் குரல், பதறிப்போய். "அக்கா, உங்க பூனாவுலதானாமா? பக்கத்துல யாரு என்னன்னு தெரியாம பழகாதீங்க."

பெரிதாக்கிப் பார்த்தேன். சுடருக்குப் பக்கத்தில் துளசி இலைகூடத் தெரிகிறது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். எண்ணெய் ஊற்றித் திரி போட்டாயிற்று. ஏற்றக் கை வரவில்லை.