ஷூ போட்டு அளக்கவேண்டும்

அண்ணா,

சாவி மாடி வீட்டு வைதேஹி மாமியிடம் இருக்கிறது. எலுமிச்சை சாதமும் அப்பளமும் மூடி வைத்திருக்கிறேன். நான் முனிர்காவுக்கு, உன் மட்டையை வெட்டப்போகும் மிஸ்திரியிடம் போகிறேன். தனியாகத்தான். பயப்படாதே.

உன் ஷூவைத் துடைக்கும்போதுதான் புரிந்தது. உன் ஆபீசர் கொடுத்த கோல்ஃப் மட்டைகளை உன் உயரத்துக்கு வெட்ட, உன் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தேன் இல்லையா? அப்போது நீ வெறுங்காலில் நின்றாய். அம்மாதான் ஷூவை வீட்டுக்குள் விடமாட்டாளே. விளையாடும்போது ஷூவில் உயர்ந்து நிற்பாய். அந்த அளவுக்கு வெட்டினால் மட்டை குட்டையாகிவிடும். அதன் தலை தரையில் சமமாகப் படியாமல் நுனி மண்ணைக் குத்தும். மிஸ்திரி இன்று மாலை வெட்டுவதாகச் சொன்னாயே. வெட்டியபின் ஒட்ட முடியாது.

"எட்டாவதோட நின்னவ அளந்ததை நம்பியா வெட்டக் குடுக்கிற?" என்று அப்பா கேட்டார். நீ, "மங்கை அளந்தா சரியா இருக்கும்பா" என்று சொல்லி, மறுபடி அளக்காமலே நான் அளவு எழுதிய சீட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு என்னை யாரும் அப்படி நம்பியதில்லை. அப்போது நேரே உள்ளே போய்விட்டேன். இப்போது சொல்கிறேன், ரொம்ப நன்றி அண்ணா.

"பையா, அபி மத் காட்டியே." அண்ணே, இப்போது வெட்டாதீர்கள் என்று இந்தியில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வந்துவிடுகிறது.

மங்கை

ஷூ வாசல்படியில் இருக்கிறது. போட்டுக்கொண்டு வெளியிலேயே நில். வந்து நானே அளக்கிறேன். அதற்குள் அப்பா அளக்க வந்தால் விடாதே.