ஸ்டீல் கிளவுஸ் மாட்டி அறுத்த மீன்

ஞாயிறு, இரவு

இடது பெருவிரலை இன்னும் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழுசாக இருக்கிறது.

எங்கள் பனியன் கம்பெனியில் தைக்கிற தூத்துக்குடிக்காரர் அந்தோணி, ஊரிலிருந்து எனக்கொரு மீன் கத்தி வாங்கி வந்திருந்தார். நான் சேர்த்து வைத்திருக்கும் கத்திகளில் இதுதான் மெல்லியது. முள்ளை விட்டுச் சதையை மட்டும் சீவி எடுக்கலாம். இன்று காலையிலேயே கட்லா வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கத்திப் பெட்டியைத் திறந்தால், துணி வெட்டும்போது நான் இடது கையில் மாட்டுகிற, சின்னச் சின்ன வளையங்களால் பின்னிய பழைய ஸ்டீல் கிளவுஸ். என் மனைவி சாந்தி கழுவி உள்ளே வைத்திருக்கிறாள்.

"இது மீனு புள்ள, பனியன் துணியில்ல" என்றேன் எரிச்சலாக.

"உங்க கைக்கு அது தெரியோணுமில்லீங்க? மாட்டுங்க."

சண்டை வேண்டாமென்று மாட்டினேன். துணி அடுக்கை அழுத்திப் பிடித்தே பழகிய இடது கை, தானாகக் கத்திக்கு முன்னால் போய் மீனை அழுத்தியது. நடு முள்ளில் தட்டிய கத்தி வழுக்கி, நேராகப் பெருவிரலில் வந்து நின்றது. கிரீச்சென்று ஒரு சத்தம்.

"என்னங்க சத்தம்?" அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"முள்ளு" என்றேன்.

எப்போதும் கத்தியைத்தான் முதலில் துடைப்பேன். இன்று கிளவுஸை எடுத்து, செதில் போகப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பெருவிரல் இருந்த இடத்தில் இரண்டு வளையம் அறுந்திருந்தது. பக்கத்தில் நின்று சாந்தியும் பார்த்தாள்.

"முள்ளு ரொம்பக் கூராட்ட இருக்குதுங்க" என்றாள்.