பஞ்சு மேல் போட்ட பழி

கண்ணு,

பெருமாநல்லூரில் உன் அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியந்தானே?

இரண்டு முறை அறுத்து எடுத்தும் என் மூக்கில் சதை வளர்ந்துகொண்டே இருந்ததல்லவா? புது டாக்டர் அந்தச் சதையையும் ரத்தத்தையும் பரிசோதித்தார்.

"எல்லார் சைனஸும் ஒண்ணில்லீங்க. உங்களுக்கு ரத்தத்துல ஒரு வகை வெள்ளணு மிஞ்சிப்போயி வீங்குதுங்க. அதுக்குன்னே தனி ஊசி இருக்குதுங்க."

"பனியன் கம்பெனிப் பஞ்சுதானுங்களே காரணம்?"

"ஆருங்க சொன்னது?" என்றார். உன்னிடம் அப்படிச் சொன்னவன் நான்தானே.

மூன்று ஊசி போட்டாயிற்று. நான்கு வருஷம் கழித்து நேற்று கடுகு தாளித்த வாசம் வந்தது. கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நீ வேலை முடிந்து வந்ததும் பஞ்சைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வாசலில் ஒரு பிரஷ் மாட்டினேனே, நீயும் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாயே, அந்தப் பிரஷைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வா. தலையில் பஞ்சு இருந்தால் இருக்கட்டும்.

உன் மூக்கடைப்புக்காரன்