புறா விழுந்த இடம்

மச்சான்,

நேற்று குட்மேய்ஸ் தமிழ்க் கடையில் ஐந்து லீட்டர் எண்ணெய்க் கலன் ஒன்றைத் தூக்கினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரேப்சீட்' என்று போட்டிருந்தது. இத்தனை வருடமாக இதில்தான் வடை பொரித்துத் தின்றிருக்கிறேன், அது என்ன பயிர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ புறா சுடப் போன அந்த வயலிலும் இதே பயிர்தான் என்பது நினைவுக்கு வந்ததும் கலனைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "அண்ணை, வாங்கிறியளோ, வாசிக்கிறியளோ?" என்று கேட்டார். சரியான கேள்விதான்.

போன வருடம் கோடையில் நீ போன் பண்ணினாய். "மச்சான், நாளைக்குச் சும்மாதானே இருக்கிறாய்? புறாவுக்குப் போவம், வா." எனக்கு ஆச்சரியம். இத்தனை காலமும் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "உன்ரை வாய்க்குப் புறா இல்லை, காகமும் கிட்ட வராது" என்று தட்டிக் கழித்தவன்தானே நீ. எசெக்ஸ் றோட்டில் வான் ஓடிக்கொண்டிருக்கும்போது மெல்ல மெல்ல உன் வாயைக் கிண்டினேன். "விடுப்புக் கேக்க வந்தனியோ, வேட்டைக்கு வந்தனியோ?" என்று ஏசிவிட்டுத்தான் விசயத்தைச் சொன்னாய். புறாக்கள் பயிரை நாசமாக்குகின்றன, இன்றைக்கு அடக்காவிட்டால் அங்கே சுடுகிற அனுமதியை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பண்ணைக்காரர் சொல்லியிருக்கிறார். உனக்கு உதவிக்கு ஒரு ஆள் தேவை.

"போனாப் போகுது, வேற வயலே இல்லையோ?" என்றேன். உனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாள் முழுக்கக் கடையிலை நிண்டு சிரிச்சு அலுத்துப் போச்சடா. வயலிலை ஒருத்தரும் என்னட்டை விலை கேக்காயினம். அந்த வயலும் போனா எனக்கு ஒரு போக்கிடமும் இல்லை."

பூ உதிர்ந்து காய் பிடித்த பயிர் என் நெஞ்சளவு நின்றது. நடுவில் ஒரு துண்டு காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்து கிடந்தது. புறாக்கள் அதில்தான் இறங்கி, தண்டுகளின் மேல் நடந்து காயைத் தின்னுகின்றன என்று காட்டினாய். மற்றப் புறாக்களை இழுக்க நீ வைக்கிற பிளாஸ்டிக் புறாக்களை நிலத்தில் வைத்தால் இந்த உயரத்துக்குள் மறைந்துவிடும். அதனால் பாவற்காய்ப் பந்தலுக்கென்று உன் மனைவி வாங்கி வைத்திருந்த மூங்கில் தடிகளைக் கொண்டு வந்திருந்தாய். "மனிசி கண்டா இண்டைக்கு எனக்குச் சோறில்லை."

உழவு இயந்திரம் போகிற தடத்தால் நடந்து போய், தடி நுனிகளில் பிளாஸ்டிக் புறாக்களைச் செருகி நட்டோம். என் பங்குக்கு நான் ஒரே இடைவெளி விட்டு வரிசையாக நட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "என்னடாப்பா, பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனைக்கோ நிக்கினம்? கலைச்சு நடு. மூஞ்சி காத்துப் பக்கம். நடுவிலை வெறும் இடம் விடு, வாறவை இறங்க வேணுமெல்லே."

பிறகு வேலியோரம் மறைப்பு வலைக்குப் பின்னால் குந்தினோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பிளாஸ்டிக் எண்டு அதுகளுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன். "நீ கலியாண வீட்டிலை பந்தியிலை இருக்கிறவையின்ரை முகத்தைப் பாத்தோ ஓடுறனி? கூட்டத்தைக் கண்டு ஓடுறனி. அதுகளும் அப்பிடித்தான்." அன்று எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தேவைப்படவில்லை.

வந்தன, மச்சான். காற்றுக்கு எதிராகச் சிறகை விரித்து, நாம் விட்ட அந்த வெறும் இடத்தை நோக்கியே வந்தன. சாய்ந்த பயிருக்கும் தடத்துக்கும் மேலே வந்தவற்றை நீ சுட்டாய். ஆனால் நிமிர்ந்து நின்ற பயிருக்கு மேலே, தலைக்கு நேரே போனவற்றுக்குத் துவக்கைத் தூக்கவே இல்லை. வயல் வாசலில் பண்ணைக்காரர் ஜீப்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுடன்! ஏன் விட்டனி? மனிசன் பாக்கிறார்!"

"விழுந்தா தேடி எடுக்க ஏலாததைச் சுடப்படாது."

அடுத்ததாக வந்த ஒன்று அடிபட்டும் விழாமல் வழுக்கிக்கொண்டே போய், உயர்ந்த பயிருக்குள் மறைந்தது. நீ துவக்கை மடித்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு எழும்பினாய். "விழுந்த இடத்துக்கு நேரை கையை நீட்டிக்கொண்டு நில். கண்ணை எடுத்தியெண்டா இடம் துலைஞ்சிடும்." கை உளைய உளைய நான் கைகாட்டி மரமாக நின்றேன். நீ அந்தத் திசையில் பயிரை விலக்கி விலக்கிப் போனாய். அந்த நேரம் பார்த்துப் புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கித் தின்றன. சுட ஆளில்லை.

பண்ணைக்காரர் சிவந்த முகத்தோடு வந்தார். புறாக்கள் தின்றதைவிட நீங்கள் மிதித்தது அதிகம், வருகிற கிழமையிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள் என்றார். நீ கெஞ்சுவாய் என்று நினைத்தேன். பயிருக்குள் நின்றபடியே, "இன்னும் ஐந்து நிமிடம் தருவீர்களா?" என்று மட்டும் கேட்டாய். வயலைக் கேட்கவில்லை, ஐந்து நிமிடத்தைக் கேட்டாய். எனக்கு உன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

புறாவோடுதான் வெளியே வந்தாய்.

திரும்பி வரும்போது பொறுக்க முடியாமல் கத்தினேன். "ஒரு புறாவுக்காக வயலை விட்டிட்டியேடா! என்ன விசரோ உனக்கு?" றொம்ஃபோர்ட் தாண்டினதும் நீ சொன்னாய். "தம்பி ஜூட் விழுந்த இடத்தை ஒருத்தரும் பாத்து வைக்கேல்லை, மச்சான். ஒருத்தன் கையை நீட்டிக்கொண்டு நிண்டிருந்தா அம்மா அவ்வளவு முகாம் ஏறி இறங்கியிருக்க மாட்டா."

உன் தம்பி சண்டையில் காணாமல் போனது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஊரெல்லாம் விடுப்புக் கேட்கிற நான், அவனைப் பற்றி உன்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டால் உனக்கு நோகும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வானுக்குள் கேட்டேன். என்ன உயரம், என்ன சேட்டுப் போட்டிருந்தவன், எந்தக் கையில் தழும்பு, கடைசியாக யாரோடு போனவன் என்று. வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டும் நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு மார்கழி வரைக்கும்தான் நீ இருந்தாய்.

உன்னை அடக்கம் பண்ணின நாளிலிருந்து நான் ஜூட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். விம்பிள்டன் கோயிலடியில், செத்த வீடுகளில், கலியாண வீடுகளில், சண்டை நடந்த பக்கத்து ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். என் மனைவி, "இது உங்களுக்கு ஒரு தீராத வருத்தமாப் போச்சு" என்கிறாள். இருக்கட்டும்.

போன கிழமை ரெய்னர்ஸ் லேனில் ஒரு பிறந்தநாள் வீடு. அங்கே ஒரு அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தா. "இடக்கையிலை நீட்டுத் தழும்போ? அப்பிடி ஒரு பெடியன் எங்கட பங்கர்க் குழிக்குள்ளை வந்து தண்ணி வாங்கிக் குடிச்சவன். வெளியிலை போனவன், பிறகு செல் குண்டு விழுந்தது." எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், இரட்டைப் பனைக்கு வடக்காக என்றா. அவவுடைய தமையனும் அப்போது அங்கே நின்றவராம். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகிறேன்.

அது உன் தம்பியாக இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் ஒரு இடத்தைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருக்கிறா, மச்சான்.