கேட்காமல் அடித்த ஆணி

ஜனவரி 10, சனி

காலையில் எங்கள் வீடு இருக்கிற மனுரேவாவிலிருந்து கிளம்பி, ஏரியோரமாக இரண்டு இடங்களில் ‘டெண்ட் போடக் கூடாது’ என்ற பலகையைப் பார்த்துத் திரும்பினோம். மூன்றாவது இடம் காட்டை ஒட்டி இருந்தது. குழாய் இல்லை, விளக்கு இல்லை, வாடகையும் இல்லை. ‘இலவசம்’ என்ற பலகையை என் கணவர் இரண்டு தரம் படித்தார்.

வாடகை வீட்டில் காலண்டர் மாட்டக்கூட ஓனரிடம் கேட்டுத்தான் ஆணி அடிக்கிற மனுஷன் இவர். இன்று டெண்ட் ஆணிகளைத் தரையில் அடித்த அடியில் ஏரி வாத்துகள் எழும்பிப் பறந்தன. கட்டி முடித்த பிறகும் சுத்தியலைக் கீழே வைக்காமல் இன்னொரு ஆணியை எடுத்தார்.

“போதுங்க, டெண்ட் நல்லாத்தான் நிக்குது.”

“இது டெண்ட்டுக்கு இல்லம்மா. சும்மா எனக்கு ஒண்ணு.”

அந்த ஆணியில் எதையும் கட்டவில்லை. அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டுக் குறட்டை விடுகிறார்.