இந்த வீட்டில் இரண்டு பேர்

அன்புள்ள ரெனாட்டா,

பேசாமல் இருந்தது போதும் என்று இன்று காலை தோன்றிவிட்டது, அதனால் எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஃபீனிக்ஸ் வெயிலும் இந்தக் கொரோனாவும் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும். இங்கே எதிர்வரிசையில் இன்னும் இரண்டு வீடுகளை இடித்துப் புல் விதைத்துவிட்டார்கள், பக்கத்து வீட்டு ப்ரூயிட் அம்மாள் மகனோடு அட்லாண்டா போய்விட்டார், உன் அம்மாவின் கல்லறையில் நட்ட ரோஜா மட்டும் பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் விளக்கு எரியும் வீடுகள் தெருவில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

உன் பழைய மேயர் ஹாலிஸ்டர் மறுபடியும் நிற்கப்போகிறாராம். ஊர் வளர்கிறது என்று தொலைக்காட்சியில் சொல்கிறார். மேயர்களுக்கு மக்கள்தொகை என்பது சொந்த உயரம் மாதிரி, யாரும் குறைத்துச் சொல்வதில்லை. சென்ற கணக்கெடுப்பில் ஊர் சுருங்கிவிட்டது என்று வந்தபோது, காலி வீடுகளிலும் ஆள் இருப்பதாக எழுதித் தரச் சொன்னார். நகரத்தின் மக்கள்தொகைக் கணக்குக்கு நான்தான் பொறுப்பு, முடியாது என்றேன். அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது, "என்னப்பா லென், நீ ஆளை எண்றியா பொணத்தை எண்றியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய செய்திப் பிரிவில் இருந்த நீயும் சிரித்தாய். மற்றவர்கள் சிரித்தது மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "வேலைக்காகச் சிரிச்சேன்ப்பா, அதைப் போய்ப் பெருசு பண்றீங்களே" என்றாய். அந்த மாதமே ஃபீனிக்ஸில் வேலை கிடைத்துக் கிளம்பினாய். வளர்கிற ஊர், அங்கே சிரிக்க நிறைய இருக்கும் என்று வாசலில் நின்று நான் சொன்னதுதான் நம் கடைசிப் பேச்சு.

நேற்று கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். முகக்கவசத்தோடு படிக்குக் கீழேயே நின்றுகொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். வழக்கமாக எங்கே தூங்குகிறாரோ அங்கேதான் ஒருவரை எண்ண வேண்டும், எட்டு வயதில் நீயே இதை ஒப்பிப்பாய். நான் இரண்டு என்றேன். இன்னொருவர் எங்கே என்றாள். மகள் தூங்குகிறாள் என்றேன். "மத்தியானம் ரெண்டு மணிக்கா? குடுத்து வச்சவங்க சார்" என்று சிரித்தாள். அவளோடு நானும் சிரித்தேன். பெயரும் வயதும் கேட்டாள். ரெனாட்டா, இருபத்தேழு என்றேன். அவள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் உனக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

ஹாலிஸ்டருக்குக் கொடுக்க மறுத்த ஆளைக் கடைசியில் நானே கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் விட்டுப்போன எண்ணுக்கு அழைத்துத் திருத்தலாம், மனம் வரவில்லை. நோய் அடங்கியதும் நீ வந்து சில நாள் மாடி அறையில் தூங்கிவிட்டுப் போ. விதிப்படி அது போதாது, எனக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள், நிறையத் தண்ணீர் குடி, ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். பக்கவாட்டுக் கதவின் பூட்டை மாற்றவில்லை, பழைய சாவியைத் தொலைத்துவிடாதே.

பொய்க்கணக்கு கொடுத்தால் அபராதம் உண்டு என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், அதனால் அடியில் பெயர் போடாமலே இதை அஞ்சலில் சேர்க்கிறேன். எழுதியது யார் என்று உனக்குத் தெரியாமல் போனால், அது எனக்குத் தெரிய வேண்டாம்.