அரக்கு வைத்த வானொலி

சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
9.10.1984

அன்பு மகள் கலாவுக்கு,

அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் எனக்கு முழங்கால் வலியைத் தவிர, அப்பாவுக்கு அவருடைய பழைய சீனி வியாதியையும் பிடிவாதத்தையும் தவிர வேறு நோய் ஒன்றும் இல்லை. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. அதில் கடைசி வரியாக, எட்டு மாதமாகிறதே, அப்பா ஒரு தடவையாவது என் பெயரைச் சொன்னாரா அம்மா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் தாமதம். இப்போது பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதை இங்கேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைப் படிக்க மாட்டாய், சின்ன வயதிலேயே கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள் நீ. ஆகவே பொறுமையாக வா.

நம் கூடத்து வானொலியின் முள்ளைத் திருப்பும் குமிழுக்கு அப்பா அரக்கு வைத்திருப்பது உனக்கு மறந்திருக்காது. ஒரு மத்தியானம் நான் நாடகம் கேட்க வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பி, அவர் செய்தியைத் தவறவிட்டு, அதற்குத் தண்டனையாகச் சிவப்பு அரக்கை உருக்கிக் குமிழையும் பெட்டியையும் சேர்த்து ஒட்டி, தன் பித்தளை முத்திரையையும் அழுத்தி வைத்தாரே, அதேதான். முப்பது வருஷம் ரயில்வே ஆபீசில் தபால் அனுப்பும் பிரிவில் இருந்தவர், முத்திரை வைத்தால் அதை உடைக்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்பார். இந்த வீட்டில் மேலிடம் யார் என்று கேட்டால் மட்டும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் பொதுச்சொத்து. இன்னொன்றும் சொல்கிறேன், உன் கடிதத்தை நான் சமையலறையில் உரக்கப் படிக்கும்போதெல்லாம் கூடத்தில் வானொலிச் சத்தம் குறைந்துவிடும். கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள இருமுவார். இருமலும் படிக்கிற இடம் பார்த்துத்தான் வரும், முக்கியமான வரிகளில் இருமல் வந்ததே இல்லை.

செப்டம்பர் மாதம் முழுக்க வானொலியில் ஒரே அறிவிப்பு. ஒலிபரப்பு டவர் நிற்கும் நிலத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்களாம், டவர் வேறு இடத்துக்குப் போகிறதாம், அக்டோபர் முதல் தேதியிலிருந்து தமிழ் ஒலிபரப்பு முள்ளில் பழைய இடத்தில் வராது, எழுநூறுக்குப் பக்கத்தில் வரும் என்று காலையும் மாலையும் சொன்னார்கள். நான் அப்பாவிடம் கேட்டேன். அறிவிப்பு வேறு, உத்தரவு வேறு, எழுத்தில வரட்டும் பார்ப்பம் என்றார். நான் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணினேன். ஏன் என்று கேள்.

அக்டோபர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு அறுபத்தைந்து. ஞாயிறு காலை பத்து மணிக்கு வரும் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு நான் யாருக்கும் தெரியாமல் ஒரு கார்டு எழுதினேன். நேருக்கு நேர் நான் உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறவர், வானொலி சொன்னால் எழுந்து போக மாட்டார் அல்லவா, அவருக்கு வானொலி என்றால் அரசாங்கம். அதனால் மனைவி இராசேஸ்வரி, இங்கிலாந்திலிருந்து மகள் சந்திரகலா என்று எழுதினேன். அதோடு நிறுத்திவிட்டேன் மகளே. மருமகன் பெயரை எழுதப் பேனா வரவில்லை. நீங்கள் பதிவுத் திருமணம் செய்த செய்தி வந்த அன்று, கேரி தீவுத் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலையை லோரியில் ஏற்றுகிற கன்னையாவின் மகனா என் மருமகன் என்று இந்தக் கூடத்தில் அவர் போட்ட கூச்சல் என் காதிலேயே நின்றுவிட்டது. இங்கே சிரம்பானில் பிறந்து, பூர்வீகமான யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் பார்க்காத மனிதர், அன்றைக்குப் பேசிய யாழ்ப்பாணப் பெருமை யாழ்ப்பாணத்தில்கூட இருக்காது. பழனியப்பன் என்ற பெயரைக் கேட்டதும் வானொலியை நிறுத்திவிட்டால் உன் பெயரும் சேர்ந்து போய்விடுமே என்று பயந்தேன். அது கோழைத்தனம்தான். மருமகனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இதில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். கார்டை உறையில் போட்டுச் சோற்றால் ஒட்டி, வானொலியில் ஒரு பாட்டுப் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்று சொல்லி அப்பாவிடமே தபாலில் போடக் கொடுத்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? இந்த வீட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போனாலும் அவர் தன் தபால் புத்தகத்தில் வரிசை எண் போட்டுப் பதிந்த பிறகுதான் போகும் என்பது உனக்கே தெரியும். தபால்தலை கோணலாக இருக்கிறது என்று பிய்த்து நேராக ஒட்டிக்கொண்டு போனார். நானும் பூனை கண்ணை மூடிக்கொண்ட மாதிரி இருந்துவிட்டேன்.

முதல் தேதி விடிந்தது. வானொலியைப் போட்டால் ஒரே இரைச்சல், எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். அப்பா அசையவில்லை. நாற்காலியில் சாய்ந்து, காலை ஆறரைச் செய்தி நேரம் முழுவதும் அந்த இரைச்சலையே கேட்டார். இரண்டாம் நாள் அதே இடத்தில் சுமத்திராவிலிருந்து ஒருத்தி கணீரென்று பாடினாள். அனுமதியில்லாமல் குடியேறியவள் என்று அவளைத் திட்டினார், ஆனால் முழுப் பாட்டையும் கேட்டார், காலும் லேசாகத் தாளம் போட்டது. அரக்கைச் சுரண்டலாமே என்றேன். ஆங்கிலத்தில் நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாராம், பதில் வரும்வரை முத்திரை முத்திரைதானாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள். நான் வாய்விட்டு அழவும் முடியாமல், விஷயத்தைச் சொல்லவும் முடியாமல் தவித்தேன்.

கடைசியில் பக்கத்து வீட்டு வீரசிங்கம் அண்ணரிடம் போனேன். அவரும் உன் அப்பாவைப் போல ரிட்டயரான கிளார்க்குத்தானே, வீட்டில் டைப்ரைட்டர் வைத்திருக்கிறார். நிலையம் எழுதியது போல, தாங்கள் முள்ளை எழுநூறுக்குத் திருப்பிக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது என்று ஒரு கடிதம் அடித்துத் தந்தார், இருவரும் சிரித்த சிரிப்பில் மாமரத்துக் காக்கை பறந்துவிட்டது. புதன்கிழமை அதைத் தபாலோடு தபாலாக வைத்தேன். அப்பா கண்ணாடி போட்டுப் படித்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு மடித்து என் கையில் கொடுத்தார். கடிதத்தில் கோப்பு எண் இல்லை, அரசாங்கம் எண் இல்லாமல் தும்மக்கூடத் தும்மாது, அதோடு ஒரு எழுத்து மட்டும் வரிக்கு மேலே ஏறி நிற்கிறது, அது வீரசிங்கத்தின் மெஷின், போய் எண்ணெய் போடச் சொல் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இரண்டு பஸ் மாறி டவர் இருந்த இடத்துக்கே போயிருக்கிறார், இந்த வயதில், அந்த வெயிலில்! அங்கே டவரைத் துண்டு துண்டாக வெட்டி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். மாடி வீட்டுப் படம் போட்ட பெரிய பலகை ஒன்றும் வைத்திருக்கிறார்களாம். காவலுக்கு இருந்த தமிழர் இவரைப் பார்த்து, அங்கிள், நெலமெல்லாம் வித்தாச்சு லா, ரேடியோவ இங்க வந்து தேடுறீங்களே, வூட்டு முள்ளத் திருப்புனா கெடைக்கும்ல என்றாராம். இதை அவர் வாயாலேயே சொன்னார், சப்பாத்தில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே. அந்தப் பிடிவாதம் எதற்காக என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வெறும் வீம்பு என்று நினைத்து, இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடிக்காத பாகற்காயை வைத்தேன்.

ஞாயிறு வந்தது. நான் வேறு ஏற்பாடு செய்திருந்தேன். சரியாகப் பத்து மணிக்கு வீரசிங்கம் அண்ணர் தன் டிரான்சிஸ்டரை வேலிச் சுவரில் வைத்து முழுச் சத்தத்தில் போட வேண்டும், அப்பா காதில் விழுந்தே தீரும். காலையில் தலைமுழுகிவிட்டு, பாயசத்துக்குப் பால் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். வானொலி மேசைமீது சிவப்புச் சிவப்பாகத் தூள் சிதறிக் கிடந்தது. பக்கத்தில் பேனாக்கத்தி. குமிழில் அரக்கு இல்லை. அப்பா புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முள் எழுநூறில் நின்றது. உத்தரவு வந்ததா என்றேன். சத்தம் போடாதே, தொடங்கப் போகுது என்றார்.

எது தொடங்கப் போகிறது என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிப்பதற்குள், வேலியிலிருந்து ஒரு வானொலியும் கூடத்திலிருந்து ஒரு வானொலியுமாக அந்த அறிவிப்பாளப் பெண்ணின் குரல் இரண்டு பக்கமும் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் அறுபத்தைந்தாவது பிறந்தநாள் காணும் திரு. பாலசுந்தரம் அவர்களை வாழ்த்துவோர், மனைவி இராசேஸ்வரி, இங்கிலாந்திலிருந்து மகள் சந்திரகலா, மருமகன் பழனியப்பன் என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் எழுதாத பெயர் மகளே! அவளுக்கு அதை யார் சொன்னது? அப்பாவைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, குரல் தெளிவா வருது, புது டவர் பரவாயில்லை என்றார். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அன்று மாலை அவர் மறுபடி குளிக்கப் போன நேரம் பார்த்துத் தபால் புத்தகத்தை எடுத்தேன். செப்டம்பர் பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் இப்படி இருந்தது: எண் 112. பெறுநர், வானொலி நிலையம். பொருள், பிறந்தநாள் வாழ்த்து. குறிப்பு, மருமகன் பெயர் விடுபட்டிருந்தது, சேர்த்து அனுப்பப்பட்டது. மூன்று வாரமாக எல்லாம் தெரிந்த மனிதர், ஒன்றும் தெரியாதவர் போல இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த வாழ்த்து கைவிட்டுப் போய்விடுமோ என்று என்னைப் போலவே பயந்துதான் கடிதம் எழுதியதும், பஸ் ஏறிப் போனதும், கடைசியில் உத்தரவில்லாமலே அரக்கைச் சுரண்டியதும். வெளியே வந்தவரிடம் புத்தகத்தைக் காட்டி, என் உறையை ஏன் பிரித்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, குறையுள்ள விண்ணப்பத்தை என் மேசையில இருந்து எந்தக் காலத்திலும் நான் அனுப்பினதில்ல என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் பாகற்காய்க்காக அழுகிறேன் என்று நினைத்தவர் போல, முந்தாநாள் கறி அவ்வளவு கசப்பில்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். வாயால் இன்னும் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் தந்துவிட்டார், எழுத்தில் இருப்பதுதான் உண்மை என்று வாழ்ந்தவர் அவர். மிச்சத்துக்கு நீ அவசரப்படாதே.

நேற்றுக் கேரி தீவிலிருந்து சம்பந்தி கன்னையா பஸ் கண்டக்டர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். அவரும் வாழ்த்தைக் கேட்டிருக்கிறார், தோட்டத்து லய வீட்டுச் சனமெல்லாம் கூடிக் கேட்டதாம். சீனி வியாதிக்காரர் என்பதையும் மறந்து அப்பா இரண்டு பழம் தின்றார். தீபாவளிக்கு அவர்களை வரச் சொல்லலாமா என்று கேட்டேன், வரச் சொல் என்று சொல்லவில்லை, ஆனால் நாற்காலி போதாதே என்றார். வீரசிங்கம் அண்ணர் வீட்டில் இரண்டு கேட்டு வைத்திருக்கிறேன்.

குளிரில் தலையை நனைத்துக்கொண்டு வேலைக்கு ஓடாதே. இரவு வேலை முடிந்து வந்தால் வெறும் ரொட்டியோடு படுக்காதே, மருமகனுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடு, ஆம்பிளை அடுப்பைத் தொட்டால் வீடு இடிந்துவிடாது. நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று கட்டாயம் அனுப்பு, பெரிதாக அனுப்பு, வானொலிக்கு மேலே ஆணி அடித்தாயிற்று. அடித்தது நானில்லை. பெற்ற வயிற்றின் ஆசி உனக்கும் பழனியப்பனுக்கும் என்றைக்கும் உண்டு, இருவரும் நூறு வருஷம் சேர்ந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
இராசேஸ்வரி

இதை மடிக்கும்போது அப்பா வந்து உறையை வாங்கிக்கொண்டார். விலாசத்தை நான் எழுதுவதாகச் சொன்னேன், விடவில்லை. மிஸ்டர் அன்ட் மிஸஸ் பழனியப்பன் என்று எழுதி, பின்புறம் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையும் வைத்துவிடுவாராம். குமிழுக்கு வைத்தது போக மிச்சமிருந்த அரக்கு அவ்வளவுதானாம். உடைக்கும்போது பார்த்து உடை.